அம்மாவின் கை வீக்கத்துக்குத் தொடை இடுக்கிலிருந்து நிணநீர்க் கணு: எடுத்த இடம் வீங்காதா?

சுமதி_ஈசூன்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அம்மாவுக்கு வயது 61. வலது மார்புல புற்றுநோய் வந்து, மார்பை எடுத்தாங்க, அக்குள் கணுக்களையும் எடுத்தாங்க, அப்புறம் மார்புக்கும் கழுத்துக்குக் கீழேயும் கதிர்வீச்சு கொடுத்தாங்க. இப்ப நோய் இல்லை, மாத்திரை மட்டும் ஓடுது. ஆனா கை வீங்க ஆரம்பிச்சிருச்சு. முதல்ல மோதிரம் கழட்ட வரல, அப்புறம் வளையல். இப்ப சிங்கப்பூர் தேக்காவுல ரவிக்கை தைக்கக் கொடுத்தா வலது கைக்குத் தனி அளவு எடுக்கிறாங்க. நடுவுல செல்லுலைட்டிஸ்ங்கிற தோல் கிருமித்தொற்று வந்து காய்ச்சலோட வார்டுல படுத்ததும் உண்டு.

போன வாரம் சர்ஜன் ஒரு அறுவை பத்திச் சொன்னார். உடம்புல வேற இடத்துல இருந்து நிணநீர்க் கணுக்களை அதோட ரத்தக்குழாயோட எடுத்து, கையில வச்சுத் தைக்கிறதாம். தொடை இடுக்கு, கழுத்து, தாடைக்குக் கீழே, வயித்துக்குள்ளே, எங்கிருந்து வேணும்னாலும் எடுக்கலாமாம்.

எனக்கு ஒரே சந்தேகம். அக்குள்ல கணுவை எடுத்ததாலதானே கை வீங்குச்சு? அப்ப தொடை இடுக்குல எடுத்தா கால் வீங்காதா? அம்மா எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க, அதனால அங்க கேக்க முடியல.

முத்து_தோபாயோ

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவன். எங்கள் தெருவில் யானைக்கால் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். காலில் அந்த வீக்கம் வந்தால் மனிதன் எப்படி வீட்டோடு முடங்கிப்போவான் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். கைக்காகக் காலைப் பணயம் வைக்க வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

கனிமொழி_பிசியோ

சுமதிக்கா, நான் நிணநீர் வீக்க சிகிச்சை செய்யுற பிசியோ. அறுவைக்குள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. அம்மாவோட முன்கையைக் கட்டைவிரலால அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு விட்டா பள்ளம் விழுதா? ரெண்டாவது, நடுவிரல் அடியில, புறங்கைப் பக்கம் தோலைக் கிள்ளித் தூக்க முடியுதா? இடது கையிலயும் அதையே செஞ்சு பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

பள்ளம் விழுந்தா இன்னும் நிறைய நீர்தான். விழலைன்னா கொழுப்பும் நாரும் சேர்ந்துட்டுதுன்னு அர்த்தம். அந்தக் கைக்கு எத்தனை கணு வச்சாலும் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரையாது. அதுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்‌ஷன் தனியா இருக்கு. ஸ்வீடன்ல மால்மோ நகரத்து டாக்டர் ஹோகன் புரோர்சன் பல வருஷமா அதைத்தான் செஞ்சு காட்டினார். அதுக்குப் பிறகு அழுத்த ஸ்லீவை வாழ்நாள் முழுக்கப் போட்டுத்தான் ஆகணும்.

சுமதி_ஈசூன்

கனிமொழி, பள்ளம் நல்லா விழுது. கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது. விரல் தோலை வலது கையில கிள்ளவே முடியல, இடது கையில சுலபமா வருது.

வேலன்_நுண்ணறுவை

சுமதி அக்கா, நான் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுல வேலை பார்க்கிறேன். அம்மாவைப் பார்க்காம அவங்களுக்கு எது சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கேட்டது இந்த அறுவையோட மையக் கேள்வி. கால் வீங்க வாய்ப்பு உண்டு. அப்படி நடந்து பதிவான நோயாளிகளும் இருக்காங்க. வீங்காம எடுக்கவும் முடியும். எல்லாம் கத்தி எந்தப் பக்கம் போகுதுங்கிற சில சென்டிமீட்டர்ல இருக்கு.

கால்ல முள்ளு குத்திச் சீழ் வச்சா தொடை இடுக்குல நெறி கட்டும்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அது எங்க கட்டும்? தொடையோட உள்பக்கமா, மடிப்புக்குச் சற்றுக் கீழே. கால்ல இருந்து மேலே வர்ற நிணநீர்க் குழாய்களில் பெரும்பகுதி, உள்கால் வழியா ஏறுற பெரிய மேல்நாளத்தை (சிரையை) ஒட்டியே வந்து, அந்த நாளம் தொடைப் பெருநாளத்துல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற கணுக்களுக்குள்ள நுழையுது. காலுக்கு உரியவை அவைதான். அதைத் தொடக் கூடாது.

அதே தொடை இடுக்குல இன்னொரு கூட்டம் இருக்கு. இடுப்பெலும்போட முன் முனையில விரலை வைங்க. அங்கிருந்து சாய்வா அந்தரங்க எலும்பு வரைக்கும் ஒரு தசைநார் ஓடுது. அந்தக் கோட்டுக்கு அடியில, தொடைத் தமனிக்கு வெளிப்பக்கமா, தோலுக்கடியில உள்ள கொழுப்புல படுக்கைவாட்டுல சில கணுக்கள் இருக்கும். தொப்புளுக்குக் கீழே உள்ள வயித்துத் தோலும் இடுப்போட பக்கவாட்டும் அதுக்குள்ள வடியும். நாம எடுக்கிறது இதை. தொடைத் தமனியில இருந்து பிரிஞ்சு இடுப்பெலும்பு முனை நோக்கிப் போற ஒரு மெல்லிய மேலோட்டத் தமனிதான் இதுக்கு ரத்தம் கொடுக்குது. சிலருக்கு அடிவயித்துத் தோலுக்குப் போற பக்கத்துத் தமனியும் சேர்ந்து கொடுக்கும். அந்தத் தமனியையும் கூட வர்ற நாளத்தையும் பிடிச்சுக்கிட்டே கணு, சுத்தியுள்ள கொழுப்பு, வேணும்னா மேலே ஒரு துண்டுத் தோல், எல்லாத்தையும் ஒரே துண்டா எடுக்கணும். கணுவை மட்டும் தனியா உரிச்செடுத்தா அது செத்துப் போகும். கணுவோட குழிவான பக்கத்துல தமனி நுழையுது, நாளமும் வெளியேறும் நிணநீர்க் குழாயும் அங்கிருந்துதான் கிளம்புது. அந்த இடத்தைச் சுத்தி இருக்கிற கொழுப்பைச் சீண்டவே கூடாது.

எல்லை மூணு. உள்பக்கமாத் தொடைத் தமனியைத் தாண்டக் கூடாது. கீழே தொடை மடிப்பைத் தாண்டக் கூடாது. ஆழத்துல தொடைத் தசையை மூடியிருக்கிற கெட்டியான உறையைத் தாண்டக் கூடாது, அதுக்கடியில ஆழ்கணுக்கள் இருக்கு. வெளிப்பக்கம் இடுப்பெலும்பு முனைகிட்ட தொடையோட வெளித்தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஒண்ணு வருது. அதை இழுத்துட்டா தொடை மரத்துப் போகும்.

ஆனா மனுஷ உடம்பு புத்தகத்துல போட்ட கோட்டுப்படி இருக்காது. சிலருக்குக் கால் நிணநீர் வெளிப்பக்கக் கணுவுக்கும் வரும். அதனால 2015-ல ஜோசப் டயான் குழு ஒரு முறையை வெளியிட்டாங்க, தலைகீழ் வரைபடம்னு சொல்லலாம். அறுவைக்கு முன்னாடி கால்விரல் இடுக்குல கதிரியக்க டெக்னீசியம் ஊசி போடுவாங்க. அடிவயித்துத் தோல்ல ஐசிஜிங்கிற பச்சைச் சாயம். திறந்த பிறகு காமாக் கருவியை வச்சா எந்தக் கணுவுல சத்தம் வருதோ அது காலுக்கு உரியது, விட்டுடணும். அகச்சிவப்புக் கேமராவுல ஒளிர்ந்து, சத்தம் போடாம இருக்கிறது வயித்துக்கு உரியது, அதை எடுக்கலாம். முதல்ல சர்ஜன்கிட்ட "தொடையில எடுத்தா இந்த வரைபடம் செய்வீங்களா"ன்னு கேளுங்க. இல்லைன்னா ஏன்னு கேளுங்க. என் அபிப்பிராயத்துல வரைபடம் இல்லாம தொடையில கைவைக்கக் கூடாது.

சுமதி_ஈசூன்

ரொம்ப நன்றி தம்பி. அக்காவையும் பக்கத்துல உட்கார வச்சு ரெண்டு பேருமா இடுப்புல விரல் வச்சுப் பார்த்துட்டோம், இப்ப படம் புரியுது.

அப்ப கழுத்துல எடுத்தா இந்தப் பிரச்சினையே இல்லையே? அம்மாவுக்கு வேற சில விவரமும் சொல்றேன். சர்க்கரை இருக்கு, கட்டுப்பாட்டுல இருக்கு. ரெண்டு பிள்ளையும் சிசேரியன். பித்தப்பையும் எடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை கோயில்ல தேவாரம் பாடுவாங்க, அது அவங்களுக்கு உயிர்.

அருள்_உட்லண்ட்ஸ்

வேலன், எனக்கு அடிப்படையே புரியல. நான் வடிகால் வேலை பார்க்கிறவன். லோங்காங் (சாக்கடை) அடைச்சா அடைப்பை எடுப்போம், இல்லைன்னா பக்கத்துல இன்னொரு வழி வெட்டி ஆத்துக்கு விடுவோம். இங்க அறுந்த நிணநீர்க் குழாயை யாரும் இணைக்கலியே? ரத்தக்குழாயைத்தானே இணைக்கிறீங்க? அப்ப தண்ணி எப்படிப் போகும்?

வேலன்_நுண்ணறுவை

அருள் அண்ணே, நீங்க சொன்ன ரெண்டாவது வழிக்கும் ஒரு அறுவை இருக்கு. நிணநீர்க் குழாயைப் பக்கத்துல உள்ள சிறு நாளத்துல நேரா இணைக்கிறது. பல குழாய்கள் 0.8 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பு. தலைமுடியைவிட மெல்லிய நூலால நுண்ணோக்கிக்கு அடியில தைக்கணும். ஜப்பான்ல இசாவோ கோஷிமா வளர்த்த கலை அது. சின்னக் கீறல்தான், மறுநாளே நடமாடலாம். ஆனா துடிக்கிற சக்தி மிச்சமுள்ள குழாய் இருந்தாத்தான் அது பலிக்கும். குழாய்ச் சுவர் தடிச்சு உள்துளை மூடிப்போன கையில இணைக்க ஒண்ணும் இருக்காது. அங்கதான் கணு மாற்றம் வருது.

கணு எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு, ரெண்டுமே உண்மைன்னுதான் நான் நினைக்கிறேன். சாதாரணமாவே கணுவுக்குள்ள வர்ற நிணநீரோட தண்ணியில ஒரு பங்கு அங்கேயே ரத்த நுண்குழாய்க்குள்ள திரும்பிப் போயிடும். புது இடத்துல வச்ச கணுவும் சுத்தியுள்ள திசுவுல இருந்து நீரை உறிஞ்சி, நாம தைச்ச நாளம் வழியா ரத்தத்துக்கு அனுப்புது. கணுத்துண்டோட ஓரத்துல பச்சைச் சாயம் போட்டா அதோட நாளத்துல ஒளி தெரியுறதைத் தைவான்ல மிங்-ஹூயி செங் குழு காட்டியிருக்காங்க. இன்னொண்ணு, கணு விஇஜிஎஃப்-சிங்கிற வளர்ச்சிக் காரணியைச் சுரக்குது. அதனால மாசக்கணக்குல புது நிணநீர்க் குழாய் முளைச்சுப் பழைய குழாய்களோட சேருது. அதான் பலன் உடனே தெரியாம ஆறு மாசம், ஒரு வருஷம்னு இழுக்குது.

சுமதி அக்கா, கழுத்துக்கு வர்றேன். இங்கதான் உங்க அம்மா விஷயம் சிக்கலாகுது.

காறையெலும்புக்கு மேலே, கழுத்துப் பக்கத் தசைக்குப் பின்னால ஒரு முக்கோணம் இருக்கு. அதுல உள்ள கொழுப்புக்குள்ள கணுக்கள். கழுத்துக் குறுக்குத் தமனி ரத்தம் கொடுக்குது. தழும்பு காறையெலும்பு ஓரமா மறைஞ்சிடும். ஆனா அடியில கைக்குப் போற நரம்புக் கொத்து ஓடுது, உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்தோட ஆழத்துல உள்ள ஒரு தசை மேல படுத்திருக்கு. மேலே உள்ள உணர்ச்சி நரம்புகளை வெட்டினா தோள்பட்டை மேல்பக்கம் மரத்துப் போகும்.

வழக்கமா வலது கழுத்தைத்தான் தேர்ந்தெடுப்பாங்க, ஏன்னா இடது பக்கம் மார்புப் பெருநிணக்குழாய் வருது. ரெண்டு காலும் வயிறும் இடது கையும் சேர்ந்து உடம்போட முக்கால் பங்கு நிணநீர் அந்த ஒரே குழாய் வழியா, இடது கழுத்து நாளமும் தோள் நாளமும் சேர்ற முனையில ரத்தத்துல கலக்குது. அது கிழிஞ்சா பால் நிறத் திரவம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அடைக்கிறது பெரிய வேலை.

உங்க அம்மாவுக்கு வலது பக்கம் கதிர்வீச்சு பட்டிருக்கு. அங்க உள்ள கணுவும் ரத்தக்குழாயும் நல்ல நிலையில இருக்காது. அதுக்கு மேலயும் ஒரு காரணம் இருக்கு. கையில இருந்து அக்குளைத் தொடாமலே மேல போற ஒரு மாற்றுப்பாதை உண்டு. புறங்கையில இருந்து மேல்கை வெளிப்பக்க நாளத்தோட ஏறி, தோளுக்கும் மார்புத் தசைக்கும் நடுவுல உள்ள பள்ளம் வழியாக் காறையெலும்புக்கு மேலே உள்ள கணுக்களுக்கே போகும். மாஸ்காக்னி பாதைன்னு சொல்வாங்க. அக்குள் கணுவை எடுத்தும் சிலருக்குக் கை வீங்காம இருக்கிறதுக்கு இது ஒரு காரணம். வீங்கின கையில மிச்சம் இருக்கிற அந்த ஒரே பாதையோட முனையைப் போய் வெட்டி எடுக்கிறது நியாயமில்லை. அதனால வலது கழுத்து வேண்டாம், இடது கழுத்து அபாயம். மத்ததைப் பத்தி ராத்திரி எழுதுறேன், வார்டுல கூப்பிடுறாங்க.

முத்து_தோபாயோ

தம்பி வேலன், மருத்துவக் கல்லூரியில் பணம் கட்டிப் படிப்பதை இங்கே இலவசமாகத் தருகிறீர்கள். ஆயுசு நூறு. நேரம் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: யானைக்காலுக்கு இது உதவாதா?

வேலன்_நுண்ணறுவை

ஐயா, யானைக்கால்ல புழு நிணநீர்க் குழாய்க்குள்ளேயே குடியிருந்து குழாயை விரிச்சு வால்வுகளைக் கெடுத்துடுது. கணு மாற்றம் அங்கேயும் முயன்றிருக்காங்க, ஆனா அந்த நோய்ல பெரிய பலன் தினமும் காலைக் கழுவித் துடைச்சு, விரல் இடுக்குல புண் வராமப் பார்த்துக்கிறதுலதான். புண்ணு வழியா நுழையுற கிருமிதான் வீக்கத்தை வருஷா வருஷம் கூட்டுது.

சரி, மிச்சம் மூணு இடம்.

தாடைக்குக் கீழே. முகத்தமனியோட ஒரு கிளை தாடையெலும்புக்கு அடியில முன்னால வருது, அதை ஒட்டி நல்ல பருமனான கணுக்கள். தமனி தடிப்பா இருக்கும், தைக்கச் சுலபம். கை கால் வீங்குற பயம் இல்லை. செங் குழு 2012-ல காலுக்கு இதை வச்சுக் காட்டினாங்க. சிக்கல் ஒரு நரம்புல இருக்கு. முகநரம்போட கீழ்க்கிளை தாடையோரமா, கழுத்தை மூடியிருக்கிற மெல்லிய தசைக்கு அடியில, அதே தமனியைத் தாண்டிப் போகுது. கீழுதட்டைக் கீழே இழுக்கிற தசைக்கு அதுதான் நரம்பு. அது அடிபட்டா வாய் திறக்கும்போது உதடு ஒரு பக்கம் இறங்காது. பெரும்பாலும் சில மாசத்துல சரியாகும், எல்லாருக்கும் ஆகும்னு உறுதி இல்லை. தேவாரம் பாடுற அம்மாவுக்கு இதை விளக்கமாச் சொல்லணும். தழும்பும் தாடைக்கடியில தெரியும்.

வயித்துக்குள்ள. குடலுக்கு முன்னால திரை போலத் தொங்குற கொழுப்புச் சவ்வுல, இரைப்பையோட கீழ் விளிம்பை ஒட்டி ஓடுற வலது தமனி நெடுகக் கணுக்கள் இருக்கு. லேப்ராஸ்கோப்புல எடுக்கலாம். எந்தக் கையும் காலும் வீங்காது, அதான் இதோட பெரிய பலம். ஆனா வயித்துல ஏற்கெனவே அறுவை நடந்திருந்தா சவ்வு ஒட்டிக்கிட்டு இருக்கும். சிசேரியன்ல அவ்வளவு ஒட்டாது. பித்தப்பை எடுத்த இடம் இந்தச் சவ்வோட வலது முனைக்குப் பக்கத்துலயே இருக்கு. முடியாதுன்னு சொல்ல மாட்டேன், உள்ளே பார்த்துத்தான் தெரியும். நாளங்கள் மெல்லியவை, முறுக்கிக்கிட்டா கணுத்துண்டு ரத்தம் தேங்கிக் கெட்டுப் போகும்.

அக்குளுக்குப் பக்கத்துல, மார்போட பக்கவாட்டுலயும் எடுப்பாங்க. அம்மாவுக்கு அது இடது பக்கம் ஆகும். ஒரே ஒரு நல்ல கை மிச்சம் இருக்கிறவங்களுக்கு அந்தக் கையோட அக்குளைத் தொடுறதை நான் விரும்ப மாட்டேன்.

ஆக, தலைகீழ் வரைபடத்தோட தொடை இடுக்கு, இல்லைன்னா வயித்துச் சவ்வு. உங்க சர்ஜன் மனசுலயும் இதுதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

ரெஜினா_செங்காங்

சுமதி, நான் இதைச் செஞ்சுக்கிட்டவ. இடது கை, தொடையில இருந்து எடுத்து மணிக்கட்டுல வச்சாங்க. டாக்டர் தம்பி சொல்லாத சிலது சொல்றேன்.

அறுவை முடிஞ்சு முதல் சில நாள் ராத்திரி பகல்னு பார்க்காம நர்ஸ் வந்து சின்ன டாப்ளர் பேனாவை மணிக்கட்டுல வச்சுச் சத்தம் கேப்பாங்க. "உஷ் உஷ்"னு கேட்டா ரத்தம் ஓடுது. அந்தச் சத்தத்தை அவங்க கொஞ்சம் தேட வேண்டியிருந்தா என் நெஞ்சு நின்னுடும். தொடையில வடிகுழாய் வச்சிருந்தாங்க, எடுத்த பிறகும் அங்க நீர் கோத்து ஊசியால உறிஞ்ச வேண்டியதாச்சு. வெளித்தொடையில உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்திருக்கு. கால் வீங்கல, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மணிக்கட்டுல ஒரு மேடு தெரியும். வாட்சு கட்ட முடியாது. தெரியாதவங்க எம்ஆர்டி ரயில்ல உத்துப் பார்ப்பாங்க. ஆனா கை இளகியிருக்கு. முன்னெல்லாம் கொசு கடிச்சாக்கூடக் காய்ச்சல் வந்துடும், இப்ப அது ரொம்பக் குறைஞ்சிடுச்சு. எனக்கு அதுவே போதும். ஸ்லீவ் இன்னும் போடுறேன், ஆனா ராத்திரி கழட்டி வச்சுடுறேன். நம்ம ஊர் வெக்கையில அது எவ்வளவு பெரிய விஷயம்னு போட்டவங்களுக்குத்தான் தெரியும்.

சுமதி_ஈசூன்

ரெஜினாக்கா, நீங்க எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்"னாங்க. ஏன் மணிக்கட்டு? அக்குள்லதானே கணு போச்சு, அங்கேயே வைக்கக் கூடாதா?

வேலன்_நுண்ணறுவை

இதுல சர்ஜன்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. பாரிஸ்ல கொரின் பெக்கர் அக்குளிலேயே வைப்பாங்க. இந்த அறுவையை உலகம் திரும்பிப் பார்க்க வச்சது அவங்க 2006-ல வெளியிட்ட கட்டுரைதான். மார்பு அறுவைக்குப் பிறகு கை வீங்கின 24 பெண்கள், தொடையில இருந்து எடுத்த கணு. 10 பேருக்குக் கைச் சுற்றளவு பழைய அளவுக்கு வந்தது, 12 பேருக்குக் குறைஞ்சது, ரெண்டு பேருக்கு மாற்றமில்லை. அவங்க வாதம், அக்குள்ல உள்ள தழும்பை முழுசா வெட்டி எடுக்கிறதே பாதி வைத்தியம். கதிர்வீச்சு பட்ட தழும்பு அக்குள் நாளத்தையே இறுக்கிப் பிடிச்சிருக்கும். அதை விடுவிச்சு, அந்தக் குழியில நல்ல ரத்த ஓட்டமுள்ள திசுவை வச்சா, குழாய் முளைக்க வழி கிடைக்கும்.

செங் கட்சி, நீர் எங்க தேங்குதோ அங்க வைக்கணும்னு சொல்லுது. கை தொங்கும்போது நீர் கீழே இறங்குது, அதனால மணிக்கட்டு இல்லைன்னா முழங்கை. மணிக்கட்டுல ஆரத்தமனியோட பின்கிளை கட்டைவிரல் அடிப்பள்ளத்துல மேலாகவே கிடைக்கும். கதிர்வீச்சு படாத சுத்தமான குழாய். ஆனா ரெஜினா அக்கா சொன்ன மேடு வரும்.

அம்மாவுக்கு அக்குள்ல இறுக்கம், தோள் தூக்க முடியாம வலி இருந்தா அக்குளுக்கு வாதம் கூடும். வீக்கம் முன்கையிலயும் புறங்கையிலயுமே அதிகம்னா மணிக்கட்டு, முழங்கைப் பக்கம் சாயும்.

அருள்_உட்லண்ட்ஸ்

24 பேர்ங்கிறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை இல்லையா? இவ்வளவு பெரிய அறுவைக்கு ஆதாரம் அவ்வளவுதானா?

கனிமொழி_பிசியோ

அருள் அண்ணே சொல்றது சரி, நாங்களும் அதையே கேக்குறோம். குலுக்கல் முறையில பிரிச்சு ஒப்பிட்ட ஆய்வு ரொம்பக் குறைவு. 2016-ல கிரேக்கத்துல 36 பெண்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்குக் கணு மாற்றமும் பிசியோவும், மறுபாதிக்குப் பிசியோ மட்டும் கொடுத்தாங்க. கணு வச்சவங்களுக்கு வீக்கமும் கிருமித்தொற்றும் கூடுதலாக் குறைஞ்சது. நல்ல செய்திதான், ஆனா 36 பேர்தான்.

அதனால நான் வரிசையை விடவே மாட்டேன். முதல்ல பல அடுக்குக் கட்டு, கையால நீவுறது, உடற்பயிற்சி, அளவெடுத்த ஸ்லீவ். இதை மாசக்கணக்குல ஒழுங்காச் செய்யணும். வாரம் ரெண்டு நாள் போட்டுட்டு "பலன் இல்லை"ன்னு அறுவைக்குப் போறவங்களை நிறையப் பார்க்கிறேன். அவங்களைக் குறை சொல்லல, பாத்திரம் கழுவுறவங்க, சமைக்கிறவங்க நனைஞ்ச ஸ்லீவோட என்ன பண்ணுவாங்க? ரெண்டு ஸ்லீவ் வாங்கி மாத்திப் போடுங்க, ரப்பர் கையுறை போட்டுட்டுக் கழுவுங்க. அறுவைக்கு முன்னாடி கை எவ்வளவு இளகியிருக்கோ அவ்வளவு நல்லது. அறுவை முடிஞ்சாலும் நாங்க தேவைப்படுவோம்.

முத்து_தோபாயோ

செலவு பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ரெஜினா_செங்காங்

ஐயா, பாலிகிளினிக் கடிதத்தோட மானிய வகுப்புல போனா ஒரு கணக்கு, தனியாரா போனா வேற கணக்கு. மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குல எவ்வளவு எடுக்கலாம்ங்கிறது சுகாதார அமைச்சோட அறுவைப் பட்டியல்ல அந்த அறுவைக்கு என்ன நிலை போட்டிருக்குங்கிறதைப் பொறுத்தது. பிள்ளைங்க மெடிசேவையும் அம்மாவுக்குப் பயன்படுத்தலாம். எழுத்துல மதிப்பீடு கேட்டு வாங்குங்க. ஸ்லீவ், கட்டுத்துணி செலவு வருஷா வருஷம் வரும், அதையும் சேர்த்துக் கேளுங்க. கஷ்டம்னா வார்டுல மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், நான் பார்த்தேன்.

அருள்_உட்லண்ட்ஸ்

கடைசியா ஒரு கேள்வி. வேற இடத்துக் கணுவைக் கொண்டுவந்து வச்சா புற்றுநோய் திரும்ப வர வழி திறந்துவிட்ட மாதிரி ஆகாதா?

வேலன்_நுண்ணறுவை

எடுக்கிற இடம் புற்றுநோய் வந்த மார்போட வடிகால் இல்லை, அதனால கணுவோட நோய் வர்றதில்லை. வச்ச பிறகு நோய் திரும்புறது கூடுதுன்னு இதுவரை வந்த ஆய்வுகள்ல காணல. ஆனாலும் புற்றுநோய் மருத்துவர் பச்சைக்கொடி காட்டாம யாரும் செய்ய மாட்டாங்க. அக்குள் தழும்பைத் திறக்கும்போது சந்தேகமான திசு தெரிஞ்சா சோதனைக்கு அனுப்புவோம்.

சுமதி_ஈசூன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து சர்ஜனைத் திரும்பப் பார்த்தோம். அம்மாவே கேட்டாங்க, "தொடையில எடுத்தா கால் கணுவை எப்படிக் கண்டுபிடிப்பீங்க"ன்னு. அவர் நாற்காலியை அம்மா பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டு, தலைகீழ் வரைபடம் செய்வோம்னு சொல்லி, தாள்ல வரைஞ்சு காட்டினார். தாடை வேண்டாம்னு அம்மா தீர்மானமாச் சொல்லிட்டாங்க. வலது கழுத்து பத்தி வேலன் தம்பி எழுதினதையே அவரும் சொன்னார்.

முதல்ல ஐசிஜி படம். கையில இன்னும் கோடு கோடா ஓடுற குழாய் தெரிஞ்சா, நாளத்தோட இணைக்கிற சின்ன அறுவை. புள்ளி புள்ளியா, இல்லைன்னா முழுக்கப் பரவின ஒளி மட்டும் தெரிஞ்சா, இடது தொடையில இருந்து கணு எடுத்து அக்குள் தழும்பையும் விடுவிக்கிறது. தோள் இறுக்கத்தைப் பார்த்துட்டு அவர் அக்குள் பக்கம்தான் சாயுறார். அதுவரைக்கும் கட்டு போட பிசியோவுக்குக் கடிதம் கொடுத்திருக்கார். கனிமொழி, அந்தப் படம் எடுக்கிற நாள் எப்படித் தயாராகணும்?

கனிமொழி_பிசியோ

அம்மாவுக்கு அயோடின் ஒவ்வாமை இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, அந்தச் சாயத்துல அயோடின் இருக்கு. கல்லீரல் பிரச்சினை இருந்தாலும் சொல்லுங்க, சாயம் அது வழியாத்தான் வெளியேறுது. விரல் இடுக்குல ஊசி போடுவாங்க, ஒரு நொடி சுரீர்னு இருக்கும். விளக்கை மங்கலாக்கிட்டு கேமராவைக் கைமேல நகர்த்துவாங்க. தோலுக்கடியில ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும்தான் தெரியும், அதுக்குக் கீழே உள்ளது தெரியாது. அதனால திரையில ஒண்ணும் காணோம்னா அம்மாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஊசி போட்ட இடத்துல கொஞ்ச நாள் பச்சையா இருக்கும். ஸ்லீவைக் கையோட எடுத்துட்டுப் போங்க, படம் முடிஞ்சதும் அங்கேயே போட்டுவிடணும். கட்டு போட வரும்போது கை தளர்வான சட்டையா போட்டுட்டு வாங்க, ரவிக்கைக் கை மேல ஏறாது.